காணாமல் போன யானைச் சாணம்

அனுப்பர்பாளையத்தில் வேலை நாள் மதியம் என்றால் பாத்திரப் பட்டறைச் சுத்தியல் சத்தம் காதைப் பிளக்கும். பட்டறைக்கு மேல்மாடியில்தான் இந்துமதியின் துப்பறியும் அலுவலகம். அங்கே வருகிறவர்கள் ஒன்று கத்திப் பேச வேண்டும், இல்லை சத்தம் ஓயட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை வந்த பெண் காத்திருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

இந்துமதி அவசரப்படுத்தவில்லை. அவள் சுபாவம் அப்படி. தவித்துப் போனவர் தங்கதுரைதான். இருபத்தைந்து வருடம் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஸ்டோரைக் கட்டி மேய்த்தவர். கம்பெனி மூடியதும், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, தன்னைவிட மிகச் சின்னவளான இந்துமதியிடம் உதவிக்குச் சேர்ந்துகொண்டார். ஐம்பது தாண்டிய மனிதருக்குக் கொலை வழக்கு ஒன்றாவது வராதா என்று ஏக்கம். வந்ததெல்லாம் காணாமல் போன நூல் மூட்டையும், மாற்றிக் கொடுத்த துணி ரோலும்தான்.

சுத்தியல் ஓய்ந்தது. "சொல்லுங்க அம்மிணி, யாரைக் காணோம்?" என்றார் தங்கதுரை.

"ஆளு யாரும் காணாம போகலீங்க. யானை லத்தி காணாம போயிருச்சுங்க" என்றாள் அந்தப் பெண்.

தங்கதுரையின் முகம் தொங்கிப்போயிற்று. யானைச் சாணத்தைத் தேடவா நாம் கடை விரித்து வைத்திருக்கிறோம் என்று கேட்க வாயெடுத்தார். இந்துமதி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவள் பெயர் நஞ்சம்மாள். மண்ணரையில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவன் வெள்ளியங்கிரி முன்பு சாயப்பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். குடி வந்தது. வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி எங்காவது படுத்துக் கிடந்துவிட்டு, ஷிப்ட் முடித்த மாதிரியே வீட்டுக்கு வருவான். கேட்டால் சத்தியம் பண்ணுவான். பிறகு ஒரு நாள் தானாகவே குடியை விட்டான். அமராவதி அணைப் பக்கம் மலையடிவாரத்தில் யானைக் கணக்கெடுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளையில் காவலர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். ஆனால் அதற்குப் போனதிலிருந்து மனிதன் மனிதனாக இருந்தான்.

"என்ன வேலைங்க அது?" என்று கேட்டாள் இந்துமதி.

"புதுசா லத்தி கெடந்தா, பக்கத்துல ஒரு கம்பு நட்டு, நம்பர் எழுதுன துணியைக் கட்டோணுமுங்க. அப்புறம் வாராவாரம் போயி, லத்தி இருக்குதா, மக்கிப் போச்சான்னு பார்த்துச் சொல்லோணும். மொதத் தடவை ஆபீசரம்மா கூடவே வந்தாங்களாமா. ரெண்டாவது தடவை இவரு ஒருத்தருதான் நட்டாரு. போன வாரம் அந்தம்மா போய்ப் பார்த்தா, இவரு நட்டதுல கம்பு மட்டும் நிக்குது. லத்தியே இல்லை. மொத நட்ட பழசெல்லாம் அப்படியே இருக்குதுங்க. பழசு இருக்கறப்ப புதுசு எப்படி மக்கும், நீ வெறுந்தரையில கம்பை நட்டுட்டுப் பொய்க்கணக்குக் குடுத்திருக்கேங்கறாங்க. படம் எடுத்த செல்லை இவரு ஆத்துல போட்டுட்டாரு. திங்கக்கிழமை எல்லாரையும் வெச்சு விசாரிச்சு வேலையை விட்டு எடுக்கறாங்களாமுங்க."

"வேலை போகக் கூடாது. அதுக்குத்தானே வந்தீங்க" என்றார் தங்கதுரை.

நஞ்சம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். "வேலை போனா இன்னொண்ணு வருமுங்க. அவரு பொய் சொல்றாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியோணும். மறுபடியும் பழைய மாதிரின்னா என்னால முடியாதுங்க. பையனைக் கூட்டிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

இதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரமும் தைரியம் வந்திருக்கவில்லை என்பது தங்கதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சாணம் என்று இளக்காரமாக நினைத்ததற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கட்டுன துணி ஏதாவது இருக்குதுங்களா?" என்றாள் இந்துமதி.

நஞ்சம்மாள் சாப்பாட்டுப் பையைத் துழாவி, விரலகலச் சிவப்புத் துணி ஒன்றை எடுத்தாள். "எங்க கம்பெனி கட்டிங் வேஸ்ட்டுங்க. மொத வாரம் வெள்ளை ஓடிட்டிருந்துச்சு, அதைக் குடுத்து உட்டேன். அடுத்த தடவை செவப்பு ஆர்டர், அதைக் குடுத்தேன்." துணியோடு ஒரு தடித்த அட்டையும் பையிலிருந்து விழுந்தது. டீசர்ட்டில் மாட்டும் அட்டை. யானைப் படம் போட்டு, நார் நாராகச் சொரசொரவென்று இருந்தது. "இது இப்ப வர்ற ஆர்டருக்கு மாட்டறதுங்க. யானை லத்தியிலயே பண்றாங்களாமா. கணியூர்ப் பக்கமிருந்து வருது."

தங்கதுரை அட்டையை முகர்ந்து பார்த்தார். ஒரு வாசமும் இல்லை. இந்துமதி சிவப்புத் துணியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். அது சட்டென்று குழல் மாதிரிச் சுருண்டுகொண்டது. அதையும் அட்டையையும் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கதுரையின் பழைய ஆம்னி வேனில் கிளம்பினார்கள். வழி நெடுகத் தங்கதுரை வழக்கை முடித்துக்கொண்டே வந்தார். தாராபுரம் தாண்டுவதற்குள் அவருக்குக் குற்றவாளி தெரிந்துவிட்டது. "அட்டை பண்றவங்கதான் அம்மிணி. லத்தி வேணும், அள்ளிட்டாங்க. இதுக்கு மேல என்ன?"

"இருக்கலாமுங்கண்ணா. போய்ப் பார்க்கலாம்" என்றாள் இந்துமதி.

மலையடிவாரத்தில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே வேலமரமும் புல்லுமாகக் கிடந்த நிலத்தில் ஆராய்ச்சியாளர் சித்ரகலா காத்திருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. வெயிலில் கறுத்த முகம், சுருக்கமான பேச்சு. துப்பறிகிறவர்கள் வந்ததில் அவளுக்கு அத்தனை இஷ்டமில்லை. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"யானையை நேரில் எண்ணுறது கஷ்டம் மேடம். புதருக்குள்ள நின்னா பத்தடியில இருந்தாலும் தெரியாது. அதனால சாணத்தை எண்ணுறோம். ஒரு யானை நாளுக்குப் பதினஞ்சு தடவை போல போடும். ஒரு குவியல் எத்தனை நாள்ல மட்கி மறையுதுன்னும் தெரிஞ்சா, கண்ணில் படுற குவியலை வச்சு எத்தனை யானைன்னு கணக்குப் போட்டுடலாம்."

தங்கதுரை தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "கல்யாணப் பந்தியில எச்சில் இலையை எண்ணி, எத்தனை பேரு சாப்பிட்டாங்கன்னு சொல்ற மாதிரி. ஆனா எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா இலையை எடுக்கறாங்கன்னு தெரியோணும். சட்டுச் சட்டுன்னு எடுத்தா, பத்து இலை கெடந்தாலும் நூறு பேரு சாப்பிட்டிருப்பாங்க."

சித்ரகலா முதன்முறையாகச் சிரித்தாள். "அதேதான் சார். சாணம் சீக்கிரம் மறைஞ்சா யானை அதிகம்னு அர்த்தம். மெதுவா மறைஞ்சா குறைவு. அந்த வேகத்தைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தக் குச்சியெல்லாம். ஒரு ஆள் இதுல பொய் சொன்னா மொத்தக் கணக்கும் கந்தல். அதான் எனக்கு இவ்வளவு கோபம்."

முதலில் வெள்ளைத் துணிக் குச்சிகளைக் காட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் சாணம் இருந்தது. வெயிலில் வெளுத்து, மழையில் அமுங்கி, ஒன்றிரண்டில் காளான்கூட முளைத்திருந்தது. அதற்கப்புறம் வெள்ளியங்கிரி நட்ட குச்சிகள். கீழே ஒன்றுமில்லை. துணியும் இல்லை. "துணிகூடக் கட்டலை பாருங்க" என்றாள் சித்ரகலா.

இந்துமதி ஒரு குச்சியின் அருகே மண்டியிட்டாள். குச்சியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு முடிச்சு மட்டும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முடிச்சை ஒட்டி, பிசிறில்லாமல் துணி வெட்டப்பட்டிருந்தது. பிறகு அவள் தரையை உள்ளங்கையால் தடவினாள். சுற்றிலும் புல் பச்சையாக இருந்தது. குச்சிக்குப் பக்கத்தில் மட்டும் சோற்றுத் தட்டளவு இடத்தில் புல் வெளிறிப் படுத்துக் கிடந்தது. அடுத்த குச்சிக்குப் போனாள். அங்கேயும் தடவினாள். எல்லாக் குச்சியையும் அப்படியே பார்த்து முடித்தாள்.

தங்கதுரையின் கண் வேறிடத்தில் இருந்தது. வெறுங்குச்சிக்கு நாலடி தள்ளி, குச்சியும் துணியும் இல்லாமல் ஒரு பெரிய சாணக் குவியல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. "அம்மிணி, நான் சொன்னது தப்பு. அட்டை பண்றவங்க வந்திருந்தா இதை விட்டுட்டா போயிருப்பாங்க? காலடியில கெடக்குது."

"நல்லாப் பார்த்தீங்கண்ணா" என்றாள் இந்துமதி, மனதாரவே. பிறகு சித்ரகலாவிடம் திரும்பினாள். "இங்க கம்பு நட்டிருக்கிறது ஊர்க்காரங்களுக்குத் தெரியுமுங்களா?"

"முதல் வாரமே ஊர்க்கூட்டத்தில் சொன்னேனே. துணி கட்டி ஒவ்வொண்ணா பரிசோதிக்கிறோம், எங்களுக்கு வேணுங்கிறதைத் தொடாதீங்க, வேண்டாததை எடுத்துக்கோங்கன்னேன். சாணம் எருவுக்கு எடுப்பாங்க இல்லையா, முழுசா தடுத்தா கோபப்படுவாங்க."

வெள்ளியங்கிரி ஒரு வேலமரத்தடியில் தனியாக நின்றிருந்தான். ஒல்லியான ஆள். இவர்களைப் பார்த்ததும் கும்பிட்டான். நஞ்சம்மாள் அனுப்பித்தான் வந்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் அவன் முகம் என்னவோ போலாயிற்று.

"நான் சொல்லி என்னங்க ஆகப் போகுது. லத்தி இருந்துச்சு. நட்டேன். போய்ப் போய்ப் பார்த்தேன். கடைசியாப் பார்த்தப்பவும் இருந்துச்சு. நான் முன்னால பொய் சொன்னவன்தானுங்க, இல்லைங்கலை. இது பொய் இல்லீங்க."

திரும்புகிற வழியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தமிழ்செல்வன் இளநீர் வெட்டிக் கொடுத்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி, இங்கே தோட்டம். தோட்டத்தை ஒட்டி ஒரு நிட்டிங் ஷெட் கட்ட ஆசை. யானை வழித்தடம் என்று எழுதிவிட்டால் கட்ட முடியாது. "இங்க நாலஞ்சு யானை இருந்தாலே பெருசுங்க அம்மிணி. இந்தம்மா கணக்குப் போட்டு நாப்பதும்பாங்க. எங்க கனவுல மண்ணு" என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

தங்கதுரைக்கு மூக்கில் வியர்த்தது. ஷெட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் போனவர், டிராக்டரில் எண்ணெய் துடைக்கத் தொங்கவிட்டிருந்த சிவப்பு பனியன் துணியை ஓசைப்படாமல் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வேனில் ஏறியதும் வெற்றிக்கொடி மாதிரி அதை நீட்டினார். "கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு அம்மிணி. இளநி குடுத்தா மறைஞ்சிருமா?"

இந்துமதி துணியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். அது தட்டையாகவே நின்றது. "ஸ்டோர் பார்த்தவரு நீங்க. இது என்னன்னு உங்களுக்கே தெரியுமுங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தாள். தங்கதுரை அதை உற்றுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கணியூரில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள் இந்துமதி. தகரக் கொட்டகை. வாசலில் சட்டங்களில் காகிதக்கூழ் காய்ந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் காய்ந்த தாளை உரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "நீங்க வண்டியிலயே இருங்க" என்று அவள் மட்டும் உள்ளே போனாள். தங்கதுரைக்கு ரோஷம். அட்டைக்காரர்கள் இல்லை என்று முடிவான பிறகு இங்கே என்ன வேலை? கண்ணாடி வழியாக அந்தப் பெண்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லார் கழுத்திலும் ஒரு கயிறு, அதில் நூல் வெட்டும் சின்ன டிரிம்மர் தொங்கியது. பனியன் கம்பெனியை விட்டு வந்தும் பழக்கம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இந்துமதி வெளியே வந்தபோது அவள் முகத்தில் கவலை இல்லை. ஊர் வந்து சேரும்வரை நன்றாகத் தூங்கினாள்.

*

திங்கட்கிழமை காலை அறக்கட்டளையின் முகாம் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சித்ரகலா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாட்சியாக வரச் சொன்னதால் தமிழ்செல்வன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். வெள்ளியங்கிரி சுவரோரமாக நின்றான். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த நஞ்சம்மாள் எதிர்ச் சுவரோரமாக நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"முதல்ல ஒண்ணைத் தீர்த்துக்கலாமுங்க" என்று ஆரம்பித்தாள் இந்துமதி. "அந்தக் கம்பெல்லாம் வெறுந்தரையில நட்டது இல்லை. ஒவ்வொரு கம்புக்குப் பக்கத்துலயும் தட்டளவுக்குப் புல்லு வெளுத்துக் கெடக்குது. மேல எதாவது நாள்கணக்குல கெடந்தாத்தான் புல்லு அப்படி வெளுக்கும். ஒரு கம்புல இருந்தா ஏதோ கல்லு கெடந்துச்சுன்னு சொல்லலாம். எல்லாக் கம்புலயும் இருக்குது. வெள்ளியங்கிரி சொன்னது நெசம். லத்தி இருந்துச்சு."

வெள்ளியங்கிரி தலை நிமிர்ந்தான். நஞ்சம்மாள் நிமிரவில்லை. இன்னும் முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பது போலத் தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

சித்ரகலா மறுத்துப் பேச வாயெடுத்து, யோசித்து, விட்டுவிட்டாள். "புல்லை நான் பார்க்கலை. குச்சியை மட்டும்தான் பார்த்தேன். சரி, இருந்தது எங்கே போச்சு?"

"தானா மக்கலை. பழசு இருக்கறப்ப புதுசு மக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. மாடோ யானையோ கலைக்கவும் இல்லை. முடிச்சை ஒட்டித் துணியைச் சுத்தமா வெட்டியிருக்குது. அப்ப ஆளு வந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க. யாரு?"

தங்கதுரையால் அடக்க முடியவில்லை. கண் தானாகத் தமிழ்செல்வன் பக்கம் போயிற்று. தமிழ்செல்வன் அதைக் கவனித்துவிட்டார். "என்னைச் சொல்றீங்களாக்கும்? நான் எதுக்குங்க லத்தியைத் திருடறேன்?"

"அண்ணன் உங்க டிராக்டர்ல ஒரு செவப்புத் துணி பார்த்தாருங்க" என்றாள் இந்துமதி. "அது ரிப் துணி. இழுத்தாச் சுருளாது. நஞ்சம்மாள் குடுத்தது சிங்கிள் ஜெர்சி, இழுத்தா ஓரம் சுருண்டுக்கும். ரெண்டும் வேற. அது போகட்டும், உங்களுக்கு வேண்டியது யானை கொறைவுங்கற கணக்கு. அடையாளம் போட்ட லத்தியை எடுத்தா என்ன ஆகும்? சீக்கிரம் மறைஞ்சுதுன்னு ஆகும். சீக்கிரம் மறைஞ்சா யானை அதிகமுன்னு கணக்கு வரும். உங்க ஷெட்டுக்கு நீங்களே வேட்டு வெச்சுக்குவீங்களா?"

தமிழ்செல்வன் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடக் கண்றாவியே" என்றார்.

"கணக்கு தெரியாமக்கூட எடுத்திருக்கலாமே அம்மிணி?" என்றார் தங்கதுரை, ஆசை விடாமல்.

"அப்படின்னா வெள்ளைத் துணி கட்டுனதையும் சேர்த்து எடுத்திருப்பாருங்கண்ணா. கெடுக்கோணுமுன்னு வர்றவனுக்கு வெள்ளை என்ன, செவப்பு என்ன? அதே மாதிரி, லத்தி வேணுமுன்னு வர்றவன் காலடியில அடையாளமில்லாமக் கெடக்கறதை விட்டுட்டுப் போக மாட்டான். நேத்து நீங்களே சொன்னீங்க. இப்ப பாருங்க. வந்தவங்க துணி கட்டாததைத் தொடலை. வெள்ளை கட்டுனதைத் தொடலை. செவப்பு கட்டுனதை மட்டும் ஒண்ணுவிடாம எடுத்திருக்காங்க. அவங்க கண்ணுக்குச் செவப்பு ஏதோ சொல்லியிருக்குது."

அவள் நஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள். "உங்க கம்பெனியில தைச்ச பனியனைச் சரிபார்க்கற செக்கிங் டேபிள்ல செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுன பீஸை என்ன பண்ணுவாங்க?"

"அது ரிஜெக்ட்டுங்க. எடுத்து ஓரமாப்..." நஞ்சம்மாள் பாதியில் நிறுத்தினாள். கை தானாக வாய்க்குப் போயிற்று.

"ஒண்ணுமே ஒட்டாத பீஸை?"

"இன்னும் செக் பண்ணலைன்னு அர்த்தமுங்க. தொட்டா சூப்பர்வைசர் திட்டுவாரு."

"உள்ள வாங்க மயிலாளக்கா" என்றாள் இந்துமதி வாசலைப் பார்த்து.

நரைத்த கொண்டையும் கழுத்தில் டிரிம்மருமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். கணியூர்க் கொட்டகையின் தலைவி மயிலாள். திருப்பூரில் செக்கிங் செக்‌ஷனிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, தன்னோடு வேலை பார்த்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு காகிதம் பண்ணுகிறவள். கையில் ஒரு துணிப்பை. வந்தவள் நேரே சித்ரகலாவிடம் போனாள்.

"கண்ணு, நீதான கூட்டத்துல சொன்ன, வேணுங்கறதைத் தொடாதீங்க, வேண்டாததை எடுத்துக்கங்கன்னு? முதல்ல வந்து பார்த்தோம், எல்லாத்துலயும் வெள்ளைதான். சரி, அவங்களுக்கு வேணுங்கறதுன்னு திரும்பிட்டோம். அப்புறம் வந்தா செவப்புக் கட்டியிருக்குது. கழிச்சு உட்டுட்டாங்கன்னு எடுத்துட்டோம். செக் பண்ணாததை நாங்க தொடவே இல்லை. என் கூட இருக்கறவங்க அத்தனை பேரும் செக்கிங்குல இருந்தவங்க, கண்ணு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு வேலை பார்ப்போம். தப்பா ஒண்ணு எடுத்தோமுன்னு ஒரு சொல்லு வந்ததில்லை."

"துணியையும் ஏன் எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டாள் சித்ரகலா.

மயிலாள் அவளை வினோதமாகப் பார்த்தாள். "நம்பர் டிக்கெட் இல்லாத துணி பண்டிலை எந்தத் தையல் லைன்ல கண்ணு வாங்குவாங்க? நாளைக்கு யாராவது இதை எதுக்கு எடுத்தேன்னு கேட்டா, நீங்க கழிச்சதுதான்னு காட்டோணுமில்ல? ஒவ்வொரு சாக்குலயும் அதோட துணியைக் கட்டி வெச்சிருந்தேன்." பையை மேசைமேல் கவிழ்த்தாள்.

சிவப்புத் துணிகள் மேசையில் விழுந்தன. ஒவ்வொன்றும் ஓரம் சுருண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில் ஒரு நம்பர். வெள்ளியங்கிரியின் கோணல் கையெழுத்து. சித்ரகலா ஒன்றை எடுத்து நீவி விரித்தாள், அப்புறம் இன்னொன்றை. எல்லாவற்றையும் பார்க்க அவளுக்குத் தேவைப்படவில்லை. எழுந்து வெள்ளியங்கிரியின் எதிரில் போய் நின்றாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன், வெள்ளியங்கிரி. ரெண்டாவது தடவை என்ன நிறம் கட்டினீங்கன்னு கேட்டு ஊர்ல சொல்லியிருக்கணும். அதைச் சொல்லாம உங்களைப் பொய்யன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோங்க. நீங்க போகக் கூடாது. குச்சி எல்லாம் திரும்ப நடணும்."

வெள்ளியங்கிரி தலையை அசைத்தான். தமிழ்செல்வன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாருக்கும் காபி சொல்கிறேன் என்று வெளியே நழுவினார். மயிலாள் அவர் பின்னாலேயே போனாள். சாக்கில் இருக்கிற லத்தியைத் திருப்பித் தர வேண்டுமா, இல்லை கூழாக்கிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கவலை.

தங்கதுரையும் வெளியே போயிருக்க வேண்டியவர்தான். போகவில்லை. கதவோரம் நின்று செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தார். இந்துமதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் உள்ளே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"செவப்பு நானு குடுத்ததுங்க" என்றாள் நஞ்சம்மாள். "தெனமும் அந்தக் கலரை ஓரங்கட்டறதைப் பார்க்கறவ நானு. எனக்குக்கூடத் தோணலை."

"போனாப் போகுது. நானும் திருப்பூர்ல வேலை பார்த்தவன்தான், எனக்குந்தான் தோணலை." வெள்ளியங்கிரி மேசைமேல் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் அடுக்கினான். "நீ எதுக்குப் புள்ள இவங்ககிட்டப் போன? என் வேலை போயிருமுன்னா?"

நஞ்சம்மாள் ஆமாம் என்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இந்துமதி சொல்லியிருக்க மாட்டாள். தங்கதுரை என்ன ஆனாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"இல்லீங்க. நீங்க பொய் சொல்றீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன். நானும் உங்களை நம்பலீங்க."

வெள்ளியங்கிரியின் கை நின்றது. அந்த மனிதன் கோபித்துக்கொண்டு போய்விடுவானோ, மறுபடியும் பாட்டிலைத் தொடுவானோ என்று தங்கதுரைக்குப் பயம் வந்தது.

"நம்பறாப்புல நான் நடந்துக்கலையே, புள்ள" என்றான் வெள்ளியங்கிரி கடைசியில். "இப்ப தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க" என்றாள். அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "இனிமே யாருகிட்டயும் போயிக் கேக்க மாட்டேனுங்க."

வெள்ளியங்கிரி துணிக்கட்டை அவளிடம் நீட்டினான். "இதைக் கொண்டுட்டுப் போயிரு. அடுத்த வாரம் புதுசா கம்பு நடோணும். வெள்ளையா இருந்தாக் கொண்டா."

"வெள்ளைக்குக் காத்துட்டிருந்தா ஆகாதுங்க. என்ன கலர் ஓடுதோ அதைக் கொண்டாறேன். ஆனா அந்த மயிலாளக்காகிட்ட மொதல்ல போயிக் காட்டிட்டுக் கட்டுங்க" என்றாள் நஞ்சம்மாள். பிறகு, "ஞாயித்துக்கெழம லீவுதான். பையனையும் கூட்டிட்டு நானே வர்றேனுங்க. சேர்ந்து கட்டலாம்" என்று சொல்லி, துணிகளை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.